காகிதம் ஒட்டாத மத்தியானம்

இன்று காலை கம்பளிச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றினேன். சடசடவென்று பொரிந்தது. மிச்சம் மீதி இருக்கிற நரைமுடியெல்லாம் எழுந்து நின்றது. கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று ஒரு கடி. பெங்களூரில் மகன் வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. பிப்ரவரிக் காற்றில் இங்கே துளி ஈரமில்லை. “கைக்கு ஏதாவது தடவிக்குங்க அத்தை” என்றாள் மருமகள். நானோ கண்ணாடி முன் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். இந்தச் சடசடப்பு அன்றைக்கு நமக்கு ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் போதுமேடி என்று உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். நீ போய் ஏழு மாதமாகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

நாம் இருவரும் ஒரே ஜூன் மாதத்தில்தான் இராயபுரத்து அந்தப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சயின்ஸ் டீச்சர்களாகச் சேர்ந்தோம். அறுபதுகளின் பின்பாதி. நான் திருவல்லிக்கேணியிலிருந்து வந்து பாரிமுனையில் பஸ் மாறுகிறவள். நீ பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி, மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு நிரந்தர வேலை, ஒன்பதாம் வகுப்பு ‘பி’. உனக்குத் தற்காலிக வேலை, ஒன்பதாம் வகுப்பு ‘ஏ’. பள்ளியிலும் கல்லூரியிலும் நான் முதல் ராங்க் வாங்கியதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுகிற பழக்கம் எனக்கு இருந்தது. ஒரே வாரத்தில் எனக்கு ‘மார்க்கு மகராணி’ என்று பெயர் வைத்துவிட்டாய். கோபம் வந்தது. ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு உன் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன், உன் வீட்டு மீன் குழம்பின் வாசனையைச் சகித்துக்கொண்டு.

உன் வகுப்பிலிருந்து எப்போதும் சத்தம் வரும். இரண்டாம் வருஷம் ஜூன் கடைசியில் நிலைமின்சாரம் ஆரம்பித்தாய். “திங்கக்கெழம யாரும் தலைக்கு எண்ண வெச்சினு வராதீங்க, சீக்கா போட்டு குளிச்சிட்டு வாங்க” என்று நாற்பது பெண்களுக்கும் சொல்லி அனுப்பினாய். எண்ணெய்த் தலையில் சீப்பைத் தேய்த்தால் ஒன்றும் நடக்காது என்பது உன் கவலை. திங்கட்கிழமை காலை ஒரு அம்மா வாசலில் வந்து நின்றார்.

“இன்னாம்மா நீ, வயசுப் பொண்ண தலவிரி கோலமா அனுப்பச் சொன்னியாமே? தெருவுல இன்னா நெனப்பாங்க? எங்க வூட்ல யாருனா பூட்டாங்களா?”

“ஒரே ஒரு நாளு தாம்மா. நானே எண்ண வெக்காமத் தான் வந்துகீறேன், பாரு” என்று உன் பறட்டைத் தலையைக் காட்டினாய். அந்த அம்மாவின் கையிலேயே சீப்பைக் கொடுத்து, அவர் மகளின் தலையில் தேய்க்கச் சொல்லி, கிழித்துப் போட்ட காகிதத் துணுக்குகளின் மேல் பிடிக்கச் சொன்னாய். “ஐய, துள்ளுது பாரு!” என்று அவர் கத்தியது என் வகுப்பு வரை கேட்டது. அப்புறம் முழுப் பீரியடும் அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனார்.

உன் பரீட்சைகளைப் பற்றி நான் சண்டை போடாத நாளில்லை. கேள்வித்தாள் தரமாட்டாய். பொட்டலம் தருவாய். உள்ளே ஒரு ஆணி, ஒரு காந்தத் துண்டு, ஒரு பித்தளைத் திருகு மாதிரி ஏதோ மூன்று சாமான். பெண்கள் அவற்றை வைத்து எதையாவது கண்டுபிடித்து எழுத வேண்டும். ஒரு பெண் “இது ஏன் இப்படி ஆகிறது என்று தெரியவில்லை. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் இப்படித்தான் ஆகிறது” என்று எழுதியதற்கு நீ பத்துக்கு எட்டு போட்டாய்.

“தெரியலைன்னு எழுதினதுக்கு எட்டு மார்க்கா?” என்று கேட்டேன்.

“மூணு தபா செஞ்சி பாத்துட்டு தெரியலன்றாளே, அதுக்கு எட்டு. தெரிஞ்சிருந்தா பத்து. உன் க்ளாஸ்ல செய்யாமலே தெரிஞ்சிக்கிறாங்களே, அவங்களுக்கு நீ இன்னா போடுவே?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை.

என் வழி வேறு. என் வழி என்ன, அந்தக் காலத்தில் நம் ஊரில் எல்லாப் பள்ளிகளிலும் அதுதான் வழி. கரும்பலகையில் நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, காண்பன, முடிவு என்று நானே அழகாக எழுதிப் போடுவேன். பெண்கள் அதை நோட்டில் எழுத்துக்கு எழுத்து எடுத்து எழுதுவார்கள். நேரமிருந்தால் அப்புறம் சோதனை. நேரம் பெரும்பாலும் இருக்காது. இதில் பொய் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சோறு வடிக்கும் முன் இலை போடுவதில்லையா, அப்படித்தான் என்று நினைத்தேன். உன் பெண்களின் நோட்டு அடித்தல் திருத்தலாகக் கிடக்கும். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் கண்டது, வலது பக்கம் காரணம். கண்டதைப் பேனாவில்தான் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது என்று உன் சட்டம்.

அந்த ஜூலையில்தான் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. பெண்கள் பள்ளிகளுக்கென்று இருந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா, ஒவ்வொரு டீச்சரின் வகுப்பிலும் உட்கார்ந்து பார்ப்பார். அவர் நல்ல வார்த்தை எழுதினால் உன் வேலை நிரந்தரமாகும், இல்லையென்றால் காலாண்டுப் பரீட்சையோடு உன் சீட்டு கிழியும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். உன் அப்பா ஹார்பரில் காலை நசுக்கிக்கொண்டு வீட்டோடு இருந்தார். இரண்டு தம்பிகளும் படித்துக்கொண்டிருந்தார்கள். நீ அதைப் பற்றிப் பேசவே மாட்டாய். ஆனால் அந்த வாரம் மட்டும் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமலே மூடினாய்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் மத்தியானம் நீ அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக லீவு போட்டாய். உன் வகுப்புக்கு நான் போனேன். மறுநாள் நீ காட்டப்போகும் சோதனை எனக்குத் தெரியும்: கண்ணாடித் தண்டு, பட்டுத் துணி, காகிதத் துண்டுகள். உன் பெண்களின் நோட்டுகளைப் பார்த்தேன். இந்தக் குப்பையைக் காட்டினால் இவள் வேலை போய்விடும் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உனக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். கரும்பலகையில் மறுநாள் தேதியைப் போட்டு, முழுப் பாடத்தையும் எழுதி, நாற்பது பேரையும் புதுப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். ஒருத்தி மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். காசிமேட்டிலிருந்து வருகிற கன்னியம்மா.

“ஏன்டி எழுதலை?”

“இன்னும் பாக்கலியே டீச்சர்.”

திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டாள், எழுதவில்லை. மணி அடித்துவிட்டது. நான் செய்ததை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பரிமாறிவிட்டுப் போகிற மாதிரி போய்விட்டேன்.

மறுநாள் காலை பத்தரைக்கு டீச்சர்கள் அறையில் நீ ஒத்திகை பார்த்தாய். மேற்கிலிருந்து வரும் வறண்ட மேல்காற்று உதட்டை வெடிக்க வைக்கிற நாள். தண்டைத் தேய்த்துக் கொண்டுபோனதும் காகிதம் பாய்ந்து ஒட்டியது. பதினொரு மணிக்கு உன் வகுப்புக்கு வர வேண்டிய இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா முதலில் என் வகுப்புக்கு வந்தார். நோட்டுகளைப் புரட்டி, “மிகவும் ஒழுங்கு” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு கணக்கு வகுப்பு, தையல் வகுப்பு, சாப்பாடு. உன் மாடி அறைக்கு வரும்போது மணி இரண்டரை. எனக்கு ஓய்வு பீரியட். ஏதாவது சாமான் வேண்டுமென்றால் எடுத்துத் தர, கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார் தலைமையாசிரியை.

நீ தண்டைத் தேய்த்தாய். காகிதத்தின் மேல் கொண்டுபோனாய். ஒன்றுமில்லை. மறுபடி தேய்த்தாய். காகிதம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. மூன்றாம் தடவை தண்டைத் துணியில் சுற்றி அழுத்தித் தேய்த்தாய். அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா முன்பெஞ்சிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பிரித்து, நிதானமாக வாசித்தார்.

“‘கண்ணாடித் தண்டைப் பட்டுத் துணியால் தேய்த்து அருகில் கொண்டு சென்றபோது காகிதத் துண்டுகள் ஈர்க்கப்பட்டன.’ இன்றைய தேதி போட்டிருக்கிறது.” மேஜையைப் பார்த்தார். இன்னொரு நோட்டை எடுத்தார். இன்னொன்றையும் எடுத்தார். “எல்லாவற்றிலும் ஈர்க்கப்பட்டிருக்கிறது. இதை யார் எழுதிக் கொடுத்தது?”

நீ அந்த நோட்டை வாங்கிப் பார்த்தாய். ஒரே வரியில் உனக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் நீ திரும்பவே இல்லை.

“என் க்ளாஸ் மேடம். என் பொறுப்பு” என்றாய்.

நான் பேசவில்லை. இதை எழுதுகிறபோதும் காது சூடாகிறது.

அடுத்து நீ செய்ததை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை. வேலை போகிற நேரத்தில் எவளாக இருந்தாலும் சமாளிக்கப் பார்ப்பாள், இல்லை அழுவாள். நீ பெண்களின் பக்கம் திரும்பி, இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவின் முன்னாலேயே உங்கள் தெருப் பேச்சில் கேட்டாய்.

“நோட்டுல ஒட்டிச்சின்னு கீது. இங்க ஒட்டல. எது நெசம்?”

“இங்க தான் டீச்சர்.”

“அப்ப நோட்டுல அத அடிச்சிட்டு, கண்டத எழுதுங்க.”

தலைமையாசிரியை இருமினார். நாற்பது பேனாக்களில் முப்பத்தொன்பது பேனா என் அழகான வாக்கியத்தின் மேல் கோடு இழுத்தது. கன்னியம்மாவுக்கு அடிக்க ஒன்றுமில்லை. அவள் பக்கம் ஏன் காலியாக இருக்கிறது என்று இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கேட்டார். “இப்ப தான் மேடம் பாத்தேன். எழுதட்டா?” என்றாள் அவள்.

“காலையில நா செஞ்சப்போ ஒட்டிச்சி, இப்ப ஒட்டல. ஏன்?” என்று நீ கேட்டாய். தேய்த்தது போதவில்லை என்றாள் ஒருத்தி. அவளையே கூப்பிட்டுத் தேய்க்கச் சொன்னாய். கை ஓய்ந்ததுதான் மிச்சம். துணி மாறிவிட்டது என்றாள் இன்னொருத்தி. துணி அதேதான், உன் அம்மாவின் கல்யாணப் புடவையிலிருந்து கிழித்தது. அப்போது கன்னியம்மா எழுந்தாள்.

“டீச்சர், காலையில மேக்காத்து. இப்ப கடக்காத்து வந்துடுச்சி. எங்க வூட்ல இந்நேரம் கருவாட்ட கோணி போட்டு மூடிடுவோம். இல்லாங்காட்டி நமுத்துப் பூடும்.”

“கருவாடு நமுக்கும். கண்ணாடி நமுக்குமா?”

“அது தெரியாது டீச்சர். ஆனா மேல ஈரம் ஏறிக்கும். எங்க வூட்டு வெளக்கு சிம்னிய சாய்ங்காலம் தொட்டா பிசுபிசுன்னு கீது.”

“நீ சொல்றது சரியா தப்பான்னு எப்டி தெரிஞ்சிக்கறது?”

வகுப்பு யோசித்தது. நாற்பது பெண்கள் யோசிக்கிற அமைதியை நான் என் வகுப்பில் கேட்டதே இல்லை. சன்னலுக்கு வெளியே ஹார்பரில் ஏதோ கப்பல் ஊதியது. மூன்றாம் பெஞ்சில் ஒருத்தி, யாரும் கை காட்டும் முன், உட்கார்ந்தபடியே சொன்னாள்: “ரெண்டு தண்டு கீதே டீச்சர். ஒண்ண காய வெப்போம். ஒண்ண அப்டியே உடுவோம்.”

ஸ்பிரிட் விளக்கில் ஸ்பிரிட் இல்லை, என்றைக்கு இருந்தது! பள்ளி வாசலில் இஸ்திரி வண்டி நிற்பது ஒருத்திக்கு ஞாபகம் வந்தது. இரண்டு பேர் ஓடினார்கள். கரிப் பெட்டியை வாங்கி வரச் சொன்னால் இஸ்திரிக்காரரே அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார். “நெருப்பு கீற பொட்டிய கொயந்தைங்க கையில குடுப்பாங்களா? எந்தத் துணி, சொல்லு” என்றவர், மேஜையில் உன் பட்டுத் துணியை விரித்து, “பட்டுக்கு லேசாத் தான் போடணும்” என்று பாடம் வேறு நடத்தினார். ஒரு கண்ணாடித் தண்டைப் பெட்டியின் சூட்டில் காட்டினாய். பாதிக் காகிதத்தையும் வாட்டி எடுத்தாய். சன்னல்களை மூடச் சொன்னாய். முதலில் காயாத தண்டு: ஒன்றுமில்லை. பிறகு காய்ந்த தண்டு.

காகிதம் எழுந்தது. ஒன்றல்ல, பத்துப் பதினைந்து ஒரே சமயத்தில் மேஜையிலிருந்து பாய்ந்து தண்டில் தொற்றிக்கொண்டு, சில நிமிர்ந்து நின்று ஆடின. “யம்மா!” என்றார் இஸ்திரிக்காரர். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேஜை மட்டத்துக்குக் குனிந்தார். “இன்னொரு முறை” என்றார். அப்புறம் தண்டைத் தாமே வாங்கித் தேய்த்தார்.

இந்தப் பாடத்தை நான் பி.யூ.சி.யிலும் பி.எஸ்சி.யிலும் படித்து, தொண்ணூறுக்கு மேல் வாங்கியிருந்தேன். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காகிதம் எழுந்ததற்காக மட்டுமில்லை. தோற்றுப்போன சோதனையைத் திரைபோட்டு மூடாமல் நடு மேஜையில் விட்டுவைத்து, கருவாடு காயப்போடுகிற வீட்டுப் பெண்ணிடம் அதன் காரணத்தைக் கேட்ட உன் தைரியத்துக்காக. ஈரப்பதம் பற்றி உனக்கு முன்பே தெரியும்தானே என்று பிற்பாடு கேட்டேன். “படிச்சது தான். அந்த நேரத்துல ஒண்ணுமே ஞாபகம் வரலடி. அதுங்க தான் சொல்லிச்சிங்க” என்றாய்.

இதற்கெல்லாம் எப்படி மதிப்பெண் போடுவீர்கள் என்று படியிறங்குமுன் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா உன்னைக் கேட்டார். “ரெண்டு தண்டுன்னு சொன்னவளுக்கு முழு மார்க், கன்னியம்மாவுக்கும். தேய்ச்சது பத்தலைன்னு சொன்னவளுக்கும் உண்டு மேடம். தப்புத் தான். ஆனா செஞ்சி பாத்துத் தெரிஞ்சிக்கற மாதிரி தப்பு.” அவர் தலையசைத்தார். பிறகு, “சோதனை நன்றாக இருந்தது. ஆனால் நடக்கும் முன்பே எழுதிவைத்த நோட்டை நான் பார்க்காத மாதிரி இருக்க முடியாது. அது ரிப்போர்ட்டில் வரும்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். நீ “சரி மேடம்” என்றாய். மேஜையைத் துடைக்கப் போய்விட்டாய்.

நான் தலைமையாசிரியை அறை வாசலில் நின்றேன். உள்ளே காபி போனது. டம்ளர் திரும்பி வந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவின் கார் கதவைத் திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குக் கால் வந்தது. ஓடிப்போய், ஏறப்போனவரிடம், “மேடம், அந்த நோட்டுகளை நேற்று எழுத வைத்தது நான். அவளுக்குத் தெரியாது” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்படியானால் காலையில் நான் பார்த்த உங்கள் வகுப்பு நோட்டுகள்?”

“அதுவும் அப்படித்தான் மேடம்.”

ஃபைலைத் திறந்து, பேனாவை எடுத்து, எதையோ அடித்தார். என் ‘மிகவும் ஒழுங்கு’ போகிறது என்று தெரிந்தது. மூன்றாவது வாரம் உனக்கு நிரந்தர ஆணை வந்தது. எனக்கு மெமோ வந்தது.

இன்ஸ்பெக்‌ஷன் நடந்த அன்றே சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில், அழுகையை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் உன்னிடம் சொன்னேன். கட்டிக்கொள்வாய் என்று எதிர்பார்த்தேன், மறைக்கவில்லை.

“எனக்கு அங்கியே தெரியும். ஈர்க்கப்பட்டனவாம்! எங்க பொண்ணுங்க வாயில அந்த வார்த்த வருமா?” என்று சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்தி, “எப்ப சொன்னே அந்தம்மா கிட்ட?” என்று கேட்டாய்.

“கார் ஏறும்போது.”

“க்ளாஸ்ல கேட்டப்ப சொல்லியிருந்தா நூறு. பொண்ணுங்க எதுருல இன்னும் சொல்லல. கார் ஏறும்போது சொன்னதுக்கு முப்பத்தஞ்சு. போ, பாஸ் பண்ணிட்டே.”

மறுநாள் உன் வகுப்பில் போய் நின்று, நாற்பது பெண்களிடமும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். கன்னியம்மா எழுந்து, “பரவால்ல டீச்சர், நீங்க ஒண்ணும் பேஜாராவாதீங்க” என்றாள். நேராக உன்னிடம் வந்து, இப்போதாவது கூட்டிப் போடு என்றேன். “அது வேற பரீச்ச. போட்ட மார்க்க மாத்த மாட்டேன்” என்றாய். அன்றிலிருந்து என் வகுப்பில் கரும்பலகையில் காண்பன என்ற இடத்தைக் காலியாக விட்டேன். முப்பத்திரண்டு வருஷம் காலியாகவே விட்டேன். அதற்கும் நீ ஒரு மார்க் கூட்டவில்லை. நாம் ரிடையரான அன்று கேட்டேன், என் மகன் கல்யாணத்தில் கேட்டேன். போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு கிடந்த உன் காதில் குனிந்து கேட்டேன். கண்ணைத் திறக்காமலே மூன்று விரலைக் காட்டினாய். கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு ஐந்து விரலையும் காட்டினாய். பக்கத்திலிருந்த நர்ஸ் ஏதோ மருந்து கேட்கிறாய் என்று நினைத்து ஓடி வந்தாள்.

வாழ்க்கையில் வாங்கிய தொண்ணூறெல்லாம் எந்தப் பாடத்தில், எந்த வருஷம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த முப்பத்தைந்து மட்டும் என்னோடு இருக்கிறது. மறுகூட்டல் கேட்டு எழுதத்தான் இந்த மடலை ஆரம்பித்தேன். எழுதி முடிக்கும்போது தெரிகிறது, நீ போட்டது சரியான மார்க்.